மகளுக்குத் தீராத தலைவலி: மருத்துவ உளவியலாளரிடம் போகச் சொல்கிறார்கள், போகலாமா?

இரண்டாம்_மைல்_அம்மா எழுதியது:

வணக்கம். மலேசியாவில் ஈப்போ பக்கம் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். என் மகளுக்குப் பதின்மூன்று வயது, படிவம் ஒன்றில் படிக்கிறாள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்த ஆறு ஆண்டும் தலைவலி என்று படுத்தவள் இல்லை. இடைநிலைப்பள்ளிக்குப் போன சில வாரங்களில் தொடங்கியது. இப்போது மாதத்தில் பாதி நாளுக்கு மேல் வலிதான். பெரும்பாலும் நெற்றியைச் சுற்றி இறுக்குகிறது என்கிறாள். சில நாள் ஒரு பக்கம் மட்டும் விண்விண்ணென்று தெறிக்கும். அன்றைக்கு வெளிச்சம் ஆகாது, வாந்தியும் எடுப்பாள்.

பட்டணத்தில் தனியார் கிளினிக்கில் பனடோல், போன்ஸ்டான் என்ற வலி மாத்திரைகள் கொடுத்தார்கள். கண் சோதித்தோம், கண்ணாடி தேவையில்லை என்றார்கள். அரசு கிளினிக்கிலிருந்து ஈப்போவுக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே குழந்தை மருத்துவர் நிதானமாகப் பார்த்தார், ஸ்கேனும் எடுத்தார்கள், மூளையில் ஒன்றும் இல்லை என்றார். நாள்பட்ட தலைவலி, ஒற்றைத் தலைவலியும் கலந்திருக்கிறது என்று சொல்லி, இரவில் போட ஒரு மாத்திரை தந்தார். கூடவே மருத்துவ உளவியலாளருக்கு ஒரு கடிதம்.

அந்தக் கடிதத்தால் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. என் கணவர் செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை லாரி ஓட்டுகிறார். கடிதத்தைப் படித்துவிட்டு, "என் பிள்ளை என்ன பைத்தியமா?" என்று கேட்டவர்தான், அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. மாமியார் கண்ணேறு என்கிறார், வெள்ளிக்கிழமை தவறாமல் மிளகாய் சுற்றுகிறார். மகளோ, "டாக்டர் நான் நடிக்கிறேன் என்று நினைக்கிறார்" என்று அழுகிறாள். பள்ளிக்குப் போவது பாதியாகக் குறைந்துவிட்டது.

அந்த உளவியலாளர் தலைவலிக்கு என்னதான் செய்வார்? பேசினால் தலைவலி போகுமா? நாளைக்கு வேலைக்கு மனுப் போடும்போதோ சம்பந்தம் பேசும்போதோ இது ஒரு கறையாக நிற்குமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கோடாலித்தைலம் எழுதியது:

என் அண்ணன் மகனுக்கும் இதேதான். கைப்பேசியைப் பிடுங்கி அலமாரியில் பூட்டினோம், ஒரே வாரத்தில் தலைவலி பறந்துவிட்டது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் செல்லம் அதிகம். நெற்றியில் தைலம் தேய்த்து, பஸ் ஏற்றி அனுப்புங்கள் அக்கா. இதற்கெல்லாம் நிபுணர் எதற்கு?


பழைய_டிரெசர் எழுதியது:

தைலம் தேய்க்கச் சொன்ன தம்பிக்கு ஒரு வார்த்தை. உங்கள் அண்ணன் மகனுக்குக் குணமானதில் மகிழ்ச்சி. வாந்தி எடுக்கும் பிள்ளையை பஸ் ஏற்றி அனுப்பச் சொல்வதற்கு அது போதாது.

அம்மா, நான் தோட்ட ஆஸ்பத்திரியில் டிரெசராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்து ஓய்வு பெற்றவன். ரப்பர் மரங்கள் இருந்த காலத்திலும் பார்த்தேன், செம்பனை வந்த பிறகும் பார்த்தேன். முதலில் பயம் தரும் அடையாளங்களைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகளைப் பரிசோதித்துவிட்டார்கள், சரி. இதைப் படிக்கும் மற்றப் பெற்றோர் எல்லாரும் அப்படிப் பரிசோதித்திருக்க மாட்டார்கள். காலையில் கண் விழிக்கும்போதே வலியும் வாந்தியும், தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் வலி, வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே போவது, பொருள்கள் இரண்டாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, வலிப்பு, காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, தலையில் அடிபட்ட பிறகு வருவது, மிகச் சின்னக் குழந்தைக்கு வருவது: இவற்றில் எது இருந்தாலும் இணையத்தில் கேள்வி எழுதிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் ஓட வேண்டும். உங்கள் மகளுக்கும் இனிமேல் இவற்றில் ஏதாவது புதிதாகத் தோன்றினால் ஸ்கேன் எடுத்தாயிற்றே என்று இருந்துவிடாதீர்கள்.

அடுத்தது, அவளுக்கு வாரத்தில் எத்தனை நாள் பனடோல் கொடுக்கிறீர்கள்? அதை நீங்கள் எழுதவில்லை. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ சாதாரண வலி மாத்திரை, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்தால், மாத்திரையே தலைவலியை வளர்க்கும். கலப்பு மாத்திரைகளுக்கும் ஒற்றைத் தலைவலிக்கென்றே உள்ள டிரிப்டான் வகைக்கும் 10 நாளே அந்த எல்லை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஏ.பி.சி. மாத்திரை என்று ஒன்று இருந்தது: ஆஸ்பிரின், ஃபெனாசிடின், கஃபீன் மூன்றும் சேர்ந்தது. பால்வெட்டு முடிந்து வந்ததும் தோட்டத் தொழிலாளர்கள் அதைக் கேட்டு வரிசையில் நிற்பார்கள். தலைவலி இருக்கிறதா என்று கேட்டால், "இனிமேல் வரும் ஐயா" என்பார்கள்! ஃபெனாசிடின் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று பிறகு பல நாடுகள் அதை விலக்கின. பிள்ளைக்கு வாரத்தில் இரண்டு மூன்று நாளுக்கு மேல் வலி மாத்திரை வேண்டாம். பதினாறு வயதுக்குக் கீழே ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம்.

இப்போது உங்கள் கணவரின் கேள்விக்கு வருகிறேன். வலி உண்மை. மருத்துவரும் அதைப் பொய் என்று சொல்லவில்லை. நடிக்கிறாள் என்று நினைத்திருந்தால் இரவு மாத்திரை எழுதியிருப்பாரா? ஆலைச் சங்கு பழுதாகிவிட்டால் வேலை முடிந்த பிறகும் ஊதிக்கொண்டே இருக்கும் அல்லவா, நாள்பட்ட வலியும் அப்படித்தான். தொடங்கி வைத்த காரணம் போயிருக்கும், நரம்புகள் மட்டும் அடங்காமல் இருக்கும். பயம், தூக்கக் குறைவு, பசி எல்லாம் அதை இன்னும் உரக்க ஊதவைக்கும். ஞாயிற்றுக்கிழமை மாலையில் வலி அதிகமாகிறது என்றால் உடனே, "பார், பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடத்தான்" என்பார்கள். கவலைப்பட்டால் பெரியவர்களுக்கு இரத்த அழுத்தம் ஏறுகிறதே, அதை யாராவது நடிப்பு என்கிறார்களா?

இன்னொன்றைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள், பாட்டி இல்லாத நேரத்தில். பள்ளியில் தண்ணீர் குடிக்கிறாளா? கழிவறைக்குப் பயந்து காலை முதல் மதியம் வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்காத பெண் பிள்ளைகள் நம் பக்கத்தில் ஏராளம். விடியுமுன் பஸ், வெறும் வயிறு, தண்ணீர் இல்லை, இரவு பன்னிரண்டு மணி வரை கைப்பேசி. (தைலத் தம்பி சொன்னதில் இந்தக் கடைசித் துண்டு மட்டும் நியாயம்.) பதின்ம வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். மாதவிலக்குத் தொடங்கிவிட்டதா என்பதையும் பாருங்கள். பருவமடைந்த பிறகு பெண் பிள்ளைகளுக்கு ஒற்றைத் தலைவலி கூடுவது உண்டு.

மாமியார் மிளகாய் சுற்றட்டும், அதனால் கெடுதல் இல்லை. ஈப்போவில் தந்த தேதியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.


கிந்தா_சிகிச்சை எழுதியது:

அக்கா, நான் அரசு மருத்துவமனை ஒன்றில் மலாயில் 'ஜுருபுலே சாராகெர்ஜா', தமிழில் தொழில்வழிச் சிகிச்சையாளர். மருத்துவ உளவியலாளர்கள் நம் அரசு மருத்துவமனைகளில் குறைவு. காத்திருக்கும் காலத்தில் இந்தப் பயிற்சிகளில் சிலவற்றை எங்களைப் போன்றவர்களே தொடங்கிவைப்பதும் உண்டு. ஆகவே உள்ளே என்ன நடக்கும் என்று சொல்ல முடியும்.

படுக்கவைத்துச் சின்ன வயதுக் கதையைக் கேட்பது போன்ற சினிமாக் காட்சி எதுவும் இருக்காது. உளவியலாளர் இதற்குத் தரும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (ஆங்கிலத்தில் சி.பி.டி.) என்பது ஏறக்குறைய ஒரு வகுப்பு. வாரம் ஒரு மணி நேரம், பெரும்பாலும் எட்டு, பத்து வாரம், வீட்டுப்பாடமும் உண்டு. முதலில் தலைவலி நாட்குறிப்பு: எப்போது வந்தது, எவ்வளவு, என்ன சாப்பிட்டாள், எத்தனை மணிக்குத் தூங்கினாள், எந்த மாத்திரை. அதைப் பிள்ளையே நாளுக்கு ஒரு முறை எழுத வேண்டும், அம்மா எழுதக்கூடாது. பிறகு வயிற்றால் மூச்சு விடுவது. அதன் பிறகு தசைத் தளர்வு: கைமுட்டியை இறுக்கி விடுவது, தோளை உயர்த்தி விடுவது, தாடையைக் கடித்து விடுவது. எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் ஏறத்தாழ நூறு ஆண்டுக்கு முன் வகுத்த முறை, இன்றைக்கும் ஓடுகிறது. கருவி உள்ள இடத்தில் உயிர்ப்பின்னூட்டம் செய்வார்கள். விரல் நுனியில் ஓர் உணரியை மாட்டுவார்கள், கையின் வெப்பம் திரையில் எண்ணாகத் தெரியும். பதற்றத்தில் விரல் குளிரும், தளர்ந்தால் சூடேறும். தன் உடம்பைத் தானே மாற்ற முடிகிறது என்பதைப் பிள்ளை கண்ணால் பார்க்கும். பையன்கள் இதை விளையாட்டாக எடுத்துக்கொண்டு, யார் விரல் அதிகச் சூடு என்று போட்டி போடுவார்கள்.

எண்ணங்களையும் எடுத்துப் பார்ப்பார்கள். "லேசாக வலிக்கிறது, இனி இன்றைக்கு முழுதும் போச்சு, சோதனையும் போச்சு" என்று மனம் ஓடும்போது உடம்பும் அதோடு ஓடுகிறது. அந்த ஓட்டத்தைப் பிடித்து, உண்மையில் போன முறை என்ன நடந்தது என்று பார்க்கக் கற்றுத்தருவார்கள். கூடவே, வலி இல்லாத நாளில் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்துவிட்டு அடுத்த நாள் விழுந்து கிடக்கும் பழக்கத்தையும் மாற்றுவார்கள்.

பெற்றோருக்குப் பாடம் தனி, அதுதான் கடினம். "வலிக்கிறதா, இப்போது எப்படி இருக்கிறது" என்று அடிக்கடி கேட்பதை நிறுத்தச் சொல்வார்கள். கேட்கக் கேட்கக் கவனம் வலியிலேயே நிற்கும். வலி நாளில் டிவி, பிடித்த சாப்பாடு, வீட்டு வேலையிலிருந்து விடுதலை எல்லாம் சேர்ந்து கிடைத்தால், யாரும் திட்டமிடாமலே வலி நாள் சுகமான நாளாகிவிடும். இருட்டறையில் ஓய்வு சரி, டிவி வேண்டாம். கடிந்துகொள்வதும் வேண்டாம். இதை நான் சொல்லும்போது பாதித் தாய்மார்களுக்கு என் மேல் கோபம் வரும்.

பலன் உண்டா என்று கேட்டீர்கள். 2013 டிசம்பரில் ஜாமா என்ற மருத்துவ இதழில் வந்த ஓர் அமெரிக்க ஆய்வைச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் உள்ளவர்கள் உங்கள் மகளைப் போன்றவர்கள். நாள்பட்ட ஒற்றைத் தலைவலி உள்ள 135 பேர், வயது 10 முதல் 17. தொடக்கத்தில் 28 நாளில் சராசரி 21 நாள் தலைவலி. எல்லாருக்கும் அமிட்ரிப்டிலின் என்ற மாத்திரை கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு இந்தச் சிகிச்சை. மற்றவர்களுக்கு அதே அளவு நேரம் தலைவலி பற்றிய பாடம் மட்டும். 20 வாரத்தில் சிகிச்சை பெற்றவர்களுக்கு 11.5 நாள் குறைந்தது, மற்றவர்களுக்கு 6.8 நாள். வலி நாள்கள் பாதியாகவோ அதற்கும் கீழேயோ வந்தவர்கள் முதல் கூட்டத்தில் 66 விழுக்காடு, மறு கூட்டத்தில் 36.

மாத்திரை மட்டும் போதாதா என்பவர்களுக்கு இன்னோர் ஆய்வு, நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் 2017-இல் வந்தது. 8 முதல் 17 வயதுவரை 361 பேர். அமிட்ரிப்டிலின், டோபிராமேட் என்ற இன்னொரு மருந்து, மருந்தே இல்லாத வெற்று மாத்திரை என்று மூன்று பிரிவு. வலி நாள் பாதியாகக் குறைந்தவர்கள் முறையே 52, 55, 61 விழுக்காடு. வெற்று மாத்திரை எந்த வகையிலும் தோற்கவில்லை; பக்கவிளைவும் அதில்தான் குறைவு. அதனால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

இதைப் படித்துவிட்டு உங்கள் மகளின் இரவு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அது அமிட்ரிப்டிலினாக இருந்தால், உறையின் பெயரை இணையத்தில் தேடினால் மனச்சோர்வு மருந்து என்று வரும். தலைவலிக்குக் குறைந்த அளவில் கொடுக்கிறார்கள், உங்கள் கணவர் அதைப் பார்த்து மறுபடியும் கொதிக்க வேண்டாம்.

அளவுக்கு மீறி நம்பிக்கை ஊட்டவும் விருப்பமில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2018-இல், பிள்ளைகளின் வலிக்கு நேரில் தரும் உளவியல் சிகிச்சை பற்றிய ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தது. தலைவலியில், சிகிச்சை முடிந்த கையோடு பார்த்தால், ஏறக்குறைய மூன்று பிள்ளைகளுக்கு அளித்தால் ஒரு பிள்ளைக்குக் கூடுதல் பலன். மருந்து உலகில் இது நல்ல கணக்கு. ஆனால் மாதங்கள் கழித்துப் பார்த்தபோது அந்த வித்தியாசம் நிற்கவில்லை. பயிற்சியை விட்டுவிடுவதால்தான் என்பது என் எண்ணம், நிரூபிக்கப்பட்டது என்று சொல்ல மாட்டேன். அந்த 2013 ஆய்வில் மட்டும் ஓராண்டுக்குப் பிறகும், வலி நாள் பாதியாவது குறைந்தவர்கள் 86 விழுக்காட்டுக்கு 69 என்று சிகிச்சைக் கூட்டமே முன்னால் நின்றது.

கறை பற்றி: மருத்துவக் குறிப்பு ஊரார் பார்ப்பதற்கு இல்லை. தலைவலிக்காக உளவியலாளரைப் பார்த்தவருக்கு மனநோய் என்று யாரும் எழுதிவைப்பதும் இல்லை. தனியாரிடம் போக நினைத்தால், 2016-ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். இரண்டு நாள் பயிலரங்குச் சான்றிதழை மாட்டிவைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான வெள்ளி (ரிங்கிட்) கேட்பவர்களும் இருக்கிறார்கள்.


மாட்டுக்கொட்டகை எழுதியது:

எனக்கு இப்போது இருபது வயது. படிவம் இரண்டில் இதே கதை, அதனால் எழுதுகிறேன். நான் கூலிம் பக்கம்.

அக்கா, உங்கள் மகளிடம் சொல்லுங்கள், சிகிச்சையின் முதல் வகுப்பு எரிச்சலாகத்தான் இருக்கும். என்னைக் கண்ணை மூடிக் கடற்கரையை நினைக்கச் சொன்னார்கள். கடற்கரை என்றால் எனக்கு நினைவுக்கு வருவது பினாங்குச் சுற்றுலாவில் பஸ்ஸில் வாந்தி எடுத்ததுதான். அதைச் சொன்னதும் சிகிச்சை தந்த அக்கா சிரித்துவிட்டு, உனக்குப் பிடித்த இடத்தைச் சொல் என்றார். தாத்தாவின் மாட்டுக் கொட்டகையைச் சொன்னேன். மத்தியானம் மாடுகள் அசை போடுவது, வால் அடிப்பது, வெட்டிப் போட்ட புல்லின் வாசம். அதையே வைத்துக்கொள் என்றார். வீட்டில் இன்றுவரை கிண்டல் செய்கிறார்கள்.

எல்லாம் பலிக்கவில்லை. எண்ணங்களை எழுதும் தாளை நான் பெரும்பாலும் நிரப்பவே இல்லை. மூச்சும் தசைத் தளர்வும்தான் எனக்கு ஒட்டின, ஏனென்றால் வகுப்பில் உட்கார்ந்துகொண்டே யாருக்கும் தெரியாமல் செய்யலாம்.

உண்மையில் நிலைமையை மாற்றியது பள்ளிக்குத் திரும்பிய விதம். வலி முழுதும் போன பிறகு பள்ளி என்று நாங்கள் காத்திருந்தோம். சிகிச்சையில், வலியோடே கொஞ்சம் கொஞ்சமாகப் போ என்றார்கள். பள்ளியின் ஆலோசக ஆசிரியரோடு பேசி ஏற்பாடு செய்தார்கள்: முதலில் இடைவேளை வரைக்கும், பிறகு மதியம் வரைக்கும். வலி ஏறினால் வீட்டுக்கு அழைப்பு கிடையாது, ஆலோசகர் அறையில் கால் மணி நேரம் படுத்துவிட்டு மறுபடியும் வகுப்பு. அம்மாவுக்கு இது கொடுமையாகப் பட்டது. எனக்கும்தான். ஆனால் பள்ளிக்குப் போகாத நாள்களில் பாடம் குவிந்து, தோழிகள் வேறு கூட்டம் சேர்ந்து, அடுத்த நாள் போவதற்கு இன்னும் பயமாகிவிடும். தலைவலியைவிட அந்தப் பயம்தான் என்னை அதிகம் படுக்கவைத்தது.

இன்னும் மாதத்தில் சில முறை வருகிறது. வரும்போது இப்போது என்ன செய்வது என்று தெரியும்.

ஒன்று கேட்க வேண்டும். சின்னத் தமிழ்ப்பள்ளியிலிருந்து பெரிய பள்ளிக்குப் போயிருக்கிறாள். அங்கே யாராவது அவளைக் கேலி செய்கிறார்களா? என்னைச் செய்தார்கள். என் மலாய் உச்சரிப்பை வைத்து. அதை நான் வீட்டில் சொல்லவே இல்லை, சிகிச்சை அறையில்தான் முதலில் சொன்னேன்.


இரண்டாம்_மைல்_அம்மா எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. டிரெசர் ஐயா, மாத்திரைக் கணக்கைக் கூட்டிப் பார்த்தேன், நீங்கள் சொன்ன எல்லையைத் தொட்டுவிட்டது. தண்ணீர் பற்றியும் கேட்டேன். காலையில் வீட்டில் குடிப்பதோடு சரி, பள்ளியில் தொடுவதே இல்லையாம். காரணமும் நீங்கள் சொன்னதுதான். கூலிம் தங்கச்சி கேட்டதைக் கேட்டபோது மட்டும் பதில் வரவில்லை, எழுந்து போய்விட்டாள். நான் விரட்டிக் கேட்கவில்லை.

கணவரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டினேன். 135 பேர் ஆய்வை இரண்டு தடவை படித்தார். "மருந்தோடு சேர்த்துத்தானே செய்கிறார்கள்" என்றார். அவரிடமிருந்து அவ்வளவு வந்ததே பெரிது.

சிகிச்சை சகோதரிக்கு மூன்று கேள்வி. அங்கே தமிழில் பேசுவார்களா? அவர் லாரியை விட்டுவிட்டு வருவது சிரமம், நான் மட்டும் போனால் போதுமா? போகும்போது என்ன கொண்டு போக வேண்டும்?


பழைய_டிரெசர் எழுதியது:

எல்லையைத் தொட்டுவிட்டது என்றால் அதைக் குழந்தை மருத்துவரிடம் தேதிக்கு முன்பே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். வலி மாத்திரையைக் குறைக்கும்போது முதல் சில நாள், சிலருக்கு வாரக் கணக்கில்கூட, தலைவலி ஏறிவிட்டுத்தான் இறங்கும். அதைப் பார்த்துப் பயந்து பாட்டி ரகசியமாக ஒரு பனடோலை நீட்டுவார். மாத்திரை டப்பா உங்கள் கையில் இருக்கட்டும்.


கிந்தா_சிகிச்சை எழுதியது:

தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்று தேதி கொடுக்கும் முகப்பிலேயே கேளுங்கள், சில நேரம் அமையும். அமையாவிட்டாலும் கவலை வேண்டாம். பிள்ளைகள் மலாயில் நன்றாகப் பேசிவிடுகிறார்கள், பாட்டிக்குப் புரியாது என்பதால் சில பிள்ளைகள் மலாயையே விரும்புவார்கள். ஒரு பகுதியில் உங்களை வெளியே உட்காரச் சொல்வார்கள், சங்கடப்படாதீர்கள். அந்த நேரத்தில்தான் நீங்கள் விரட்டிக் கேட்காத கேள்விக்குப் பதில் வரக்கூடும்.

உங்கள் கணவர் முதல் தடவையாவது வரட்டும். எல்லா வாரமும் முடியாது என்று அங்கேயே சொல்லிவிடலாம், பெற்றோர் பாடத்தை அவருக்கு வசதியான நாளுக்கு மாற்றித் தரக் கேட்கலாம். அம்மா ஒரு விதமாகவும் அப்பா ஒரு விதமாகவும் நடந்தால் பயிற்சி வீட்டில் நிற்காது.

நாட்குறிப்பை இன்றைக்கே ஒரு பள்ளி நோட்டில் தொடங்கச் சொல்லுங்கள், நான்கு வாரம் இருந்தால் நல்லது, இரண்டு வாரமானாலும் போதும். ஸ்கேன் முடிவு, பள்ளிக்குப் போகாத நாள்களின் பட்டியல், தனியார் கிளினிக்கில் தந்தது உட்பட எல்லா மாத்திரை உறைகளும் வேண்டும். காலி உறைகளையும் தூக்கி எறியாமல் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள்.